ரீமிக்ஸ் எங்கே பிசகுகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டு மாடியில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. வாரக் கடைசியில் யாராவது ஒரு தம்பி பென் டிரைவோடு படியேறி வருவார். "அண்ணா, எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் எங்கேயோ இடிக்கிறது" என்பார். அந்த 'எங்கேயோ' எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு நானே ஓராண்டு உழைத்த ஒரு சிங்கிளை (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டை) எடுத்துக்கொள்கிறேன். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துப் பெண்கள் பாடிய கும்மிப் பாட்டு அது. அதற்கு மின்னணு இசை சேர்த்து ரீமிக்ஸ் செய்தேன். கீழே வரும் பிழைகளில் முக்கால்வாசி அதில் வந்தவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். நீங்கள் சேர்த்த தடங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மூலப் பாட்டை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை கேளுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம். கையால் தாளம் போடுங்கள், சுருதியை வாய்க்குள் முனகுங்கள். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்கள் கிக் (டிரம்மின் கனத்த அடி) போதவில்லை, சின்தசைசர் மெலிந்திருக்கிறது என்று தாங்கள் சேர்த்ததைப் பற்றியே பேசுகிறார்கள். பிழை பெரும்பாலும் சேர்த்ததில் இருப்பதில்லை, கேட்காமல் விட்டதில் இருக்கிறது.

முதல் நிமிடம் சேர்ந்து போகிறது, மூன்றாம் நிமிடத்தில் பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்

அதிகம் வரும் புகார் இது. மூன்று காரணங்கள் இருக்கலாம். பிரிவு எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக ஒரே சீராக விலகினால் வேகத்தின் பின்னத்தை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். மென்பொருள் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்று முழு எண்ணாகக் காட்டியிருக்கும், பாட்டின் உண்மை வேகம் 119.7 ஆக இருக்கும். நிமிடத்துக்கு 0.3 தட்டு அற்பமாகத் தெரியும். ஆனால் மூன்று நிமிடத்தில் 0.9 தட்டு ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு முழுத் தட்டு. பாட்டின் முதல் தட்டையும் கடைசித் தட்டையும் குறித்து, இடையில் உள்ள தட்டுகளை எண்ணி, நேரத்தால் வகுத்து வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள். மென்பொருளின் ஊகத்தை நம்ப வேண்டாம்.

தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி நின்றால், அதாவது கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், கோப்பைச் சந்தேகியுங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையில் சிறிது வெற்று ஒலி சேர்கிறது. பரவலாகப் பயன்படும் லேம் குறியாக்கியில் அது சுமார் 1,100 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 25 மில்லி விநாடி. வாட்ஸ்அப்பில் வந்த கோப்போடு மல்லுக்கட்டுவதைவிட, ஸ்டெம்களை, அதாவது குரலும் கருவிகளும் தனித்தனியாக உள்ள தடங்களை, வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எல்லா ஸ்டெம்களும் பூச்சியம் விநாடியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

முன்னும் பின்னுமாக அலைந்தால் அது பிழையே அல்ல. மனிதர்கள் பாடுகிறார்கள், அவ்வளவுதான். என் கும்மிப் பாட்டில் சரணம் முடியும் இடத்தில் வேகம் ஏறும், அடுத்த சரணத்தின் முதல் அடியில் சற்று இளைப்பாறும். முதலில் ஒவ்வொரு தட்டையும் இழுத்து மென்பொருளின் தாளக் கட்டத்தில் உட்கார வைத்தேன். பாட்டு செத்துப்போயிற்று. பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு குறி மட்டும் வைத்து, இடையில் உள்ளதை அப்படியே விட்டு, என் கிக்கை அந்த வேகத்துக்கு ஏறி இறங்கச் செய்தேன். மின்னணுத் தாளம் பாடகியின் பின்னால் நடக்கும்போது அந்த இழுவை கேட்கவே இனிமையாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் காதே சொல்லிவிடும். குரல் கனத்து, மந்தமாகி, ஒன்றரை அரைச்சுரம் இறங்கியிருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவான கோப்பை உங்கள் மென்பொருள் 44.1 என்று எண்ணி இசைக்கிறது. திட்டத்தின் சாம்பிள் விகிதத்தைச் சரிசெய்தால் போதும்.

கிக் அடிக்கிறது, ஆனால் கால் தடுமாறுகிறது

நம் நாட்டுப்புறப் பாட்டை எடுத்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. கும்மி பெரும்பாலும் திஸ்ர நடையில் ஓடும்: தகிட, தகிட. வேகம் கண்டறியும் மென்பொருள்களோ எல்லாவற்றையும் நான்கு நான்காகவே எண்ணப் பார்க்கும். கும்மிக் கைத்தட்டு நிமிடத்துக்கு 90 என்றால் அவை 135 என்று காட்டும். மூன்று மூன்றாகச் சேர வேண்டிய சிறு அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டதால் வரும் எண் அது. 135இல் கிக் போட்டால் மூன்றில் இரண்டு தகிடவின் நடுவில் போய் விழும். ஆடுகிறவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள்.

தீர்வு எளிது. உங்கள் கை தட்டுவது 90 என்றால் 90 என்றே வையுங்கள், கட்டத்தை மும்மைப் பிரிவுக்கு மாற்றுங்கள், கிக்கை 'த'வில் மட்டும் வையுங்கள். 'கிட' இரண்டையும் பம்பைக்கோ உடுக்கைக்கோ விட்டுக்கொடுங்கள். எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயில்களில் பம்பை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மிஸ்ர சாபு (ஏழு அடித் தாளம்) பாட்டாக இருந்தால் பலர் செய்வது ஒரு கொடுமை: ஏழில் ஒன்றைக் கூட்டி எட்டாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாட்டை ஏழிலேயே ஓடவிட்டு, நான்கு எண்ணிக்கைக் கிக்கை அதனடியில் போட்டுப் பாருங்கள். இரண்டும் விலகிப் போய் 28ஆவது அடி முடிந்ததும் ஒன்றாக வந்து விழும். கச்சேரியில் மிருதங்கக்காரர் கோர்வை முடித்து சமத்துக்கு வரும்போது அரங்கம் தலையாட்டுமே, அதே நிறைவு ஆடுகளத்திலும் கிடைக்கும்.

தாளம் சரி, ஆனால் ஏதோ புளிக்கிறது

சுருதிப் பிசகு. இதைத் தனியாகக் கண்டுபிடிக்கக் கடினம், ஏனென்றால் குரல் தனியாகச் சரியாக இருக்கும், பேஸும் தனியாகச் சரியாக இருக்கும்.

திறந்த வெளியில் பாடுகிற பெண்கள் ஹார்மோனியம் வைத்துக்கொண்டு பாடுவதில்லை. என் பதிவில் ஆதார சுருதி ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில், ஐந்திலிருந்து சுமார் 40 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே நின்றது. சின்தசைசரோ ஐந்து என்றால் ஐந்துதான். இங்கே குரலை இழுத்துக் கட்டைக்குள் அடைக்கப் பிழைதிருத்தும் கருவியை மாட்டுவது முதல் தவறு. அது கமகத்தைப் படிக்கட்டாக்கிவிடும். மாறாக உங்கள் சின்தசைசர்கள் அனைத்தையும் 40 சென்ட் ஏற்றுங்கள். ஒரே ஒரு திருகில் முடிகிற வேலை. மூன்று நாள் புளித்துக்கொண்டிருந்த என் பாட்டு அந்த ஒரு திருகில் இனித்தது.

வேகத்தைக் கூட்டும்போதும் கவனம் தேவை. சுருதியைப் பூட்டாமல் 120ஐ 128 ஆக்கினால் பாட்டு ஓர் அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகவே ஏறிவிடும். ஐந்து கட்டை ஐந்தரையையும் தாண்டும்.

சுருதி சேர்ந்தும் புளித்தால் நீங்கள் வைத்த கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, பாருங்கள். மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் கிடையாது. அங்கே மேற்கத்திய வழக்கப்படி நான்காம் கார்டைப் போட்டால் அதன் வேரே மத்திமம். பாடகி கவனமாக விலக்கி வைத்த சுரத்தை நீங்கள் அடித்தளத்தில் போட்டு முழங்குகிறீர்கள். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் நீள ஒலிக்கட்டும். அசைவு வேண்டுமென்றால் கார்டை மாற்றாமல் ஒலியின் நிறத்தை மாற்றுங்கள்: ஃபில்டரை மெல்லத் திறந்து மூடுங்கள். 1982இலேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் ரோலண்டின் 808 தாளப்பெட்டியையும் 303 பேஸ் கருவியையும் வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். கார்டு மாறாமலே ராகமும் மின்னணுத் தாளமும் சேர்ந்து ஓட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு, நம் ஜாருக்கு அது நெருங்கிய உறவு.

மாடி அறையில் அதிர்கிறது, கோயில் திருவிழாவில் பேஸையே காணோம்

ஆடி மாதம் சேலத்தில் தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை. உங்கள் பாட்டை முதலில் கேட்கப்போவது அங்கே கட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள்தான், அடுத்தது செல்பேசிகள். கூம்பு ஒலிபெருக்கியும் சரி, செல்பேசியும் சரி, 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாதவை. நீங்கள் பேஸை ஏற்ற ஏற்ற அவை இரைச்சலைத்தான் தரும்.

இங்கே காதின் ஓர் அதிசயத்தைப் பயன்படுத்த வேண்டும். 50 ஹெர்ட்ஸ் இல்லாமலே 100, 150, 200 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலித்தால் மூளை அந்த 50ஐத் தானே கற்பித்துக்கொள்கிறது. ஆகவே பேஸ் தடத்தில் சற்றே சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் கருவி) சேர்த்து மேல் ஒத்திசைகளை எழுப்புங்கள். கிக்கின் தலையில், தோலில் கோல் படும் அந்தச் 'சட்' ஒலியை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் தெளிவாக்குங்கள்.

குரலே காணாமல் போனால் நோய் வேறு. ஸ்டீரியோவை நீங்கள் அகலப்படுத்தியதில் இடமும் வலமும் எதிரெதிர்த் திசையில் அதிர்கின்றன. இரண்டையும் ஒரே கம்பியில் சேர்க்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். குரல் மெலிந்தால் அகலப்படுத்தும் கருவியை எடுத்துவிடுங்கள். பேஸை எப்போதும் நடுவிலேயே வையுங்கள்.

கிக்கும் பேஸும் சேறாகக் குழம்புகின்றன என்றால் கிக் விழும்போது பேஸ் ஒதுங்கும்படி சைட்செயின் வையுங்கள். போதும்.

பிரித்தெடுத்த குரல் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது

கலந்த பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நாதஸ்வரமோ வயலினோ குரலோடு ஒட்டியே செல்லும் இடத்தில் இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் விழிக்கின்றன. அந்த நெளிவை ஈக்வலைசரால் தீர்க்க முடியாது. அதற்குமேல் கம்ப்ரசர் போட்டால் இன்னும் மோசமாகும்.

முதல் தீர்வு, உரியவரிடம் ஸ்டெம் கேட்பது. கூச்சப்படாமல் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் குரல் முழுவதையும் வைக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். தெளிவாக வந்த நான்கு சொற்களை மட்டும் எடுங்கள்.

இங்கே ஒருவரை நினைவுகூராமல் என்னால் மேலே போக முடியவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி என்று ஒருவர். மின்சாதனங்கள் பழுதுபார்ப்பது அவர் தொழில். 1970களில் அவர் புதிதாக எதையும் சேர்க்காமல், பதிவான பாட்டிலிருந்து எடுத்துவிடுவதன் மூலம் இன்னொரு பாட்டை உருவாக்கினார். குரலை ஒரு சொல்லோடு நிறுத்துவார், அந்தச் சொல்லின் எதிரொலி மட்டும் தேய்ந்து போகும், அடியில் டிரம்மும் பேஸும் தனியே நடக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ரேடியோவும் ஆம்பிளிஃபையரும் சாலிடரிங் வாசனையுமாகச் சிறு கடைகளில் பொழுதைக் கழித்த எனக்கு அவர் கதை பிறத்தியார் கதையாகவே தோன்றியதில்லை. ரீமிக்ஸ் என்ற கலைக்கு அவரும் அவர் தோழர்களும் போட்ட வழி அது. ஆகவே குரலை ஒரு சொல்லில் வெட்டுங்கள், டிலே (எதிரொலி) கொடுங்கள். 120 பிபிஎம்மில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி, முக்கால் தட்டு 375. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எதிரொலி ஒலிக்கும் நேரத்தில் குரலின் பழுது யார் காதிலும் படாது.

பதிவிலேயே இரைச்சல்

தொடர்ந்து 'ம்ம்' என்ற ஒலி என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். கணினி ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்தும் சுற்றி ஒரு வளையமாகியிருக்கும். இரண்டையும் ஒரே பலகையில் செருகுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஒலித்தால், மின்சாரம் வந்தபின் பதிவு செய்யுங்கள். எர்த் முள்ளை உடைத்தால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மைக்கைத் தொடுகிறவர் உயிரோடு விளையாடும் வேலை அது. ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டைக்காரர்களுக்கு இன்னோர் இரைச்சல்: விசைத்தறி. சுவர் வழியாக வரும், ஒரே சீரான லயத்தில் வரும், எந்த ஃபில்டருக்கும் முழுதாக அடங்காது. தறி நிற்கும் நேரம் பார்த்துக் குரலைப் பதிவுசெய்யுங்கள். பிறகு ஒருநாள் தறியையே தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டின் இரண்டாம் பாதியில் ஷேக்கர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது தறியின் நாடா ஓட்டம்தான்.

படபடவென்று பொரிகிற ஒலி என்றால் ஈரம். இருபது கொண்டையூசி வளைவு ஏறி, சேலத்து வெயிலிலிருந்து 1,500 மீட்டர் உயரத்து மூடுபனிக்குள் கண்டென்சர் மைக்கை எடுத்தவுடன் இயக்கினால் இப்படித்தான் பொரியும். இரவு குளிரில் கிடந்த மைக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இன்னும் மோசம், அதன் மெல்லிய தகட்டில் நீர் படியும். சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடியே அரைமணி நேரம் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். பனி இறங்கும் மாலையில் வெளியே பதிவு செய்வதாக இருந்தால் டைனமிக் மைக்கே போதும்.

எல்லாம் கட்டத்தில் கச்சிதமாக இருக்கிறது, உயிர் இல்லை

பத்துப் பெண்கள் கும்மி தட்டினால் பத்துக் கைகளும் ஒரே கணத்தில் விழாது. என் பதிவில் முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் இடையே 30 மில்லி விநாடிக்கு மேல் இருந்தது. அந்தப் பரவல்தான் கும்மியின் ஒலி. அதை எடுத்துவிட்டு ரோலண்ட் 909 தாளப்பெட்டியின் ஒற்றைக் கைத்தட்டை வைத்தபோது அறையிலிருந்து கூட்டமே வெளியேறிவிட்டதுபோல் இருந்தது. இரண்டையும் வைத்தேன்: இயந்திரக் கைத்தட்டு முன்னால், மனிதக் கைகள் அதன் பின்னால்.

ஹை-ஹாட்டுக்குப் பதில் கொலுசு வைத்துப் பாருங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசின் ஒலி அப்படியே வைத்தால் காதைக் கிழிக்கும், ஆகவே 7 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் சற்றுத் தணிக்க வேண்டும். ஆனால் அது விழும் இடத்தை நகர்த்த வேண்டாம். நடக்கிறவரின் பாதம் பட்ட பிறகுதான் கொலுசு ஒலிக்கும். அந்தச் சிறு தாமதம் அப்படியே இருக்கட்டும்.

ஆடுகிறவர்கள் நடுவில் கலைகிறார்கள்

நியூயார்க்கில் 1970களில் டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ் கலைஞர் சிறிய பாட்டுகளை ஆடுவதற்கேற்ப நீட்டித் தரத் தொடங்கினார். பன்னிரண்டு அங்குல இசைத்தட்டில் ஒரே பாட்டை அகலமான பள்ளங்களில் வெட்டியபோது சத்தமும் பேஸும் கூடின. அப்படித்தான் ஆடுகளத்துக்கென்றே ஒரு சிங்கிள் வடிவம் பிறந்தது. அவருடைய நீட்டல் வெறும் திரும்பச் சொல்லல் அல்ல. எல்லாக் கருவிகளையும் விலக்கி, ஆடுகிறவரை ஏங்கவைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தருவது. உங்கள் பாட்டில் எல்லாத் தடங்களும் இரண்டு நிமிடமாக ஓய்வின்றி ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் கிக்கை எட்டுச் சுற்றுக்கு எடுத்துவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பதினாறு சுற்று தாளம் மட்டும் விட்டால் டிஜே அடுத்த பாட்டோடு சேர்க்க வசதியாக இருக்கும்.

இணையத்தில் ஏற்றினால் மற்ற பாட்டுகளைவிடச் சின்னதாகக் கேட்கிறது

லிமிட்டரில் (ஒலி உச்சங்களை அமுக்கும் கருவி) நசுக்கியதன் பலன். ஸ்பாட்டிஃபை இயல்பாகப் பாட்டுகளை -14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் -7க்கு ஏற்றி அனுப்பினால் அது 7 டெசிபல் இறக்கும். சத்தம் போகும், நசுங்கல் மட்டும் தங்கும். கிக்குக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்துங்கள்.

ஏற்றிய மறுநாளே நீக்கிவிட்டார்கள்

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. நான்கு விநாடி மட்டுமே எடுத்தேன் என்பதால் உரிமை கரைந்துவிடாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்டுப்புறப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பாட்டு ஊருக்கே பொதுவானாலும், அதைப் பாடிக் காட்டியவருக்கு நிகழ்த்துகலைஞர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமை இருக்கிறது. அவர் பெயர் பாட்டோடு போக வேண்டும், வரும் பணத்தில் பங்கும் போக வேண்டும்.

பிழை எதுவும் தெரியவில்லை, ஆனால் பாடியவருக்குப் பிடிக்கவில்லை

எல்லாம் முடிந்து, சிங்கிள் தயார் என்று நம்பி, சிறிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். முதலில் பாடிய பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். கிக்கைப் பற்றியோ தறியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "மற்றவர்கள் எங்கே, கண்ணு?" என்று கேட்டார்.

மூலத்தில் அவர் ஓர் அடி பாடியதும் சற்று நிறுத்துவார். மற்றப் பெண்கள் அந்த இடத்தில் வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் மைக்குக்குத் தள்ளி நின்றதால் குரல்கள் மங்கலாகப் பதிவாகியிருந்தன. நான் அதை வெற்றிடம் என்று எண்ணி வெட்டி, அடிகளை நெருக்கிச் சேர்த்துவிட்டேன். முதல் நாள் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்த தாளில் அந்த இடங்களும் இருந்தன. அவை யாருக்காக விட்ட இடங்கள் என்றுதான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அன்று மாலையே நான்கு பெண்களைத் திண்ணையில் கூட்டி, டைனமிக் மைக்கை நடுவில் வைத்து, வாங்கிப் பாடும் பகுதியை மட்டும் பதிவுசெய்தேன். கீழே வந்து வெட்டிய இடங்களை நான்கு தட்டு அளவுக்குத் திரும்பத் திறந்தேன். அங்கே கிக்கும் பேஸும் இல்லை. நான்கு குரல்கள், கைத்தட்டு, பாட்டியின் கடைசிச் சொல்லின் எதிரொலி மட்டும்.